நீற்றும் சுண்ணாம்பும் நனையாச் சிமெண்டும்: சூரமங்கலம் வட்டாரக் கட்டுமானக் களங்களில் சேமிப்பு முறையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கட்டுமானப் பொருளின் தரத்தை அதன் வேதியியல் கூறுகள் மட்டும் முடிவுசெய்வதில்லை. அப்பொருள் ஆலையை விட்டுப் புறப்பட்டுக் கலவைத் தட்டை அடையும் வரை எங்கே, எவ்வளவு காலம், எத்தகைய கொள்கலனில் காத்திருந்தது என்பதும் முடிவுசெய்கிறது. சேலம் மாநகரின் இருப்புப்பாதை வாயிலாகிய சூரமங்கலத்தை மையமாகக் கொண்டு, சுண்ணாம்புக் காரையிலிருந்து சிமெண்டுக்கு மாறிய கட்டுமான மரபில் சேமிப்பு முறை அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கொள்கலன், விநியோகக் கட்டுப்பாடு, இந்தியத் தர நெறிமுறைகள், சிறு வீடு கட்டுவோரின் நிலை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று இணைத்து நோக்கப்படுகின்றன. சேமிப்புப் பொறுப்பு நிறுவனங்களிடமிருந்து தனிமனிதருக்குப் படிப்படியாக மாறியதையும், நெறிமுறைகளின் மொழி அம்மாற்றத்தைப் பின்தொடரவில்லை என்பதையும் இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச் சொற்கள்: சூரமங்கலம், சேலம், சிமெண்ட், சுண்ணாம்புக் காரை, சேமிப்பு, ஈரப்பதம், விநியோகக் கட்டுப்பாடு, தர நெறிமுறை.

1. முன்னுரை

தமிழில் சிமெண்டைக் குறிக்கச் சிமிட்டி, சிமெண்டு, சீமெந்து எனப் பல வடிவங்கள் வழங்குகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் பைஞ்சுதை என்னும் சொல்லும் படைக்கப்பட்டது. சுதை, காரை, நீறு என்னும் பழஞ்சொற்கள் சுண்ணாம்பைச் சார்ந்தவை. பைஞ்சுதை என்ற ஆக்கம், புதிய பொருளைப் பழைய பொருளின் ஒருவகையாகக் கருதியதன் விளைவு. ஆனால் பாதுகாத்து வைக்கும் முறையில் இவ்விரு பொருள்களும் பெரிதும் வேறுபடுகின்றன. சுண்ணாம்பை வேலைக்கு முன் நீரில் இட்டு நீற்றுவது அதனைப் பதப்படுத்தும் செயல். சிமெண்டில் வேலைக்கு முன் நீர் படுவது அதனைக் கெடுக்கும் செயல். இந்த வேறுபாட்டைக் கட்டுமானக் களங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

ஆய்வுக் களமாகச் சூரமங்கலம் கொள்ளப்பட்டதற்குக் காரணங்கள் உள. சென்னை இருப்புப்பாதை நிறுவனத்தின் மேற்குக்கரை நோக்கிய தடம் 1860களின் தொடக்கத்தில் இவ்வழியே அமைந்தது. பழைய சேலம் நகருக்கு வெளியே, சூரமங்கலத்தில் நிறுவப்பட்ட நிலையமே இன்றைய சேலம் சந்திப்பு. 2007ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட சேலம் இருப்புப்பாதைக் கோட்டத்தின் தலைமையிடமும் இப்பகுதியே. தனி நகராட்சியாக இருந்த சூரமங்கலம் 1994இல் சேலம் மாநகராட்சியுடன் இணைந்து, அதன் மண்டலங்களுள் ஒன்றாயிற்று. சங்ககிரியின் சிமெண்ட் ஆலை இங்கிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது. தொலைதூரச் சரக்கு வந்திறங்கும் இடம், ஆலைக்கு அண்மைப் பகுதி, சிறு வீடுகள் பெருகும் புறநகர் என்னும் மூன்று நிலைகளையும் ஒரே வட்டாரத்தில் காண இயலும்.

2. சுண்ணாம்பும் களத்தில் உருவான தரமும்

சிமெண்டுக்கு முற்பட்ட காலத்தில் சேலம், நாமக்கல் சமவெளியின் கட்டடங்கள் செங்கல், கருங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றால் எழுந்தன. சுண்ணாம்புக்கல்லோ சுக்கான்கல்லோ காளவாயில் சுடப்பட்டது. சுட்ட கல் காற்றின் ஈரத்தை விரைந்து ஈர்க்கும் இயல்பினது; ஆகவே அதனை நெடுநாள் வைத்திருக்கவில்லை. களத்திற்கு வந்ததும் தொட்டியிலோ குழியிலோ நீரிட்டு நீற்றினர். தூய சுண்ணாம்பின் நீற்றுக் குழம்பு நீரால் மூடப்பட்டிருக்கும் வரை காற்றிலுள்ள கரியமில வாயு அதனைத் தாக்குவதில்லை. வாரக்கணக்கில் ஊறவிட்டால் நீறாத துகள்கள் முற்றும் நீறி, குழம்பு மென்மையும் ஒட்டும் தன்மையும் பெறுகிறது. இங்குச் சேமிப்பு என்பது காத்திருப்பு மட்டுமன்று. உற்பத்தியின் ஒரு கட்டமும் ஆகும்.

சுக்கான்கல்லில் களிமண் கலந்திருப்பதால் அதன் சுண்ணாம்பு நீரிலும் இறுகும் தன்மை கொண்டது. இவ்வகையை ஊறப்போட்டு வைத்தால் அதன் இறுகுதிறன் குறையும்; ஆகவே அரைத்த சில நாள்களில் பயன்படுத்திவிட வேண்டும். எந்தக் கல்லின் சுண்ணாம்பு பழக வேண்டும், எது உடனே தீர வேண்டும் என்னும் பகுத்தறிவு கொத்தர் மரபின் கைவினை அறிவாக இருந்தது. சுண்ணாம்பை மணலுடனும் செங்கல் பொடியாகிய சுருக்கியுடனும் சேர்த்து, மாடு பூட்டிய கல்லுருளையால் வட்டப்பள்ளத்தில் அரைத்ததும் களத்தில்தான். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்ப்பதற்கான அளவும் அங்கேயே முடிவாயிற்று.

சுண்ணாம்பின் தரம் பெரும்பகுதி களத்தில்தான் உருவானது என்பதை இதனால் அறியலாம். தவறு நேர்ந்தால் அங்கேயே தெரிந்தது. திருத்தும் வாய்ப்பும் அங்கேயே இருந்தது. சிமெண்டின் தரம் ஆலையில் முழுமை பெறுகிறது. அதன் பின்னர்க் களத்தில் அது கூடுவதற்கு வழியில்லை. குறையாமல் காப்பது ஒன்றே இயலும். கொத்தரின் பங்கு ஆக்குதல் என்பதிலிருந்து காத்தல் என்பதாக மாறியது.

3. இருப்புப்பாதையும் சிமெண்டின் வருகையும்

இங்கிலாந்தின் லீட்சு நகரைச் சேர்ந்த சோசப் ஆசுப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824இல் காப்புரிமை பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சிமெண்ட் மரப் பீப்பாய்களில் கப்பல் வழியே வந்திறங்கியது. சென்னையில் 1904ஆம் ஆண்டு சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் நிறுவனம் கடற்சிப்பிகளைக் கொண்டு சிமெண்ட் செய்ய மேற்கொண்ட முயற்சி நிலைபெறவில்லை. போர்பந்தரில் இந்தியன் சிமெண்ட் கம்பெனி 1914இல் உற்பத்தியைத் தொடங்கிய பின்னரே உள்நாட்டுத் தொழில் வேரூன்றியது.

சேலம் வட்டாரத்தில் பெரும் கட்டுமானப் பொருள் போக்குவரத்தை உருவாக்கியது மேட்டூர் அணைத் திட்டம். 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்ற இவ்வணைக்குப் பொருள்களைக் கொண்டுசெல்லச் சேலம் சந்திப்பிலிருந்து மேட்டூருக்கு 1920களின் இறுதியில் இருப்புப்பாதை போடப்பட்டது. கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரை ஆலை தொடங்கியதும் 1934ஆம் ஆண்டிலேயே; டால்மியாபுரம் ஆலை 1939இல் தோன்றியது. ஆகவே அணைக்கு வேண்டிய சிமெண்ட் தொலைவிலிருந்து வந்து, சேலம் வழியே சென்றிருத்தல் வேண்டும் எனக் கருதலாம். இத்தகைய பெரும்பணிகளில் கிடங்கு, கிடங்குக் காப்பாளர், வருகைப் பதிவேடு, சோதனைக்கூடம் ஆகியவை பணியின் உறுப்புகளாகவே அமைந்தன. சிமெண்டைக் காக்கும் முறை, தொடக்கத்தில் இவ்வாறு ஓர் அரசுத்துறை நடைமுறையாகவே தமிழகத்தில் அறிமுகமாயிற்று. பின்னாளில் எழுதப்பட்ட நெறிமுறைகளிலும் இந்த நிறுவனச் சாயல் நீடித்ததைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

விடுதலைக்குப் பின் ஆலைகள் பெருகின. தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் 1949இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் சங்ககிரி ஆலை 1963இல் அமைந்தது. சேலம் வட்டாரத்திற்குத் தொலைவு குறைந்தது. ஆயினும் காத்திருப்புக் காலம் அதே அளவில் குறையவில்லை. அதன் காரணம் ஆறாம் பகுதியில் விளக்கப்படும்.

4. ஈரமும் காலமும்: அறிவியல் புரிதலின் வளர்ச்சி

சிமெண்டைப் புதிதாகவே பயன்படுத்த வேண்டும் என்னும் கருத்து தொடக்கம் முதலே நிலவியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புதிதாக அரைத்த சிமெண்டைத் தரையில் பரப்பி, அவ்வப்போது புரட்டிவிட்டு, சில வாரங்கள் காற்றாட வைத்தனர். அக்காலச் சூளைகளில் வெப்பம் ஒருசீராக இல்லாமையால் சேர்மமாகாத தனிச் சுண்ணாம்பு சிமெண்டில் மிகுந்திருந்தது. அது கட்டடத்தில் சேர்ந்தபின் நீறி விரிந்தால் வெடிப்பு உண்டாகும். காற்றிலுள்ள ஈரம் அதனை முன்கூட்டியே நீற்றிவிடும் என்பதே காற்றாட வைத்ததன் நோக்கம். சுண்ணாம்பு மரபின் பழக வைத்தல் சிமெண்டின் இளமைக் காலத்திலும் தொடர்ந்தமைக்கு இது சான்று. சுழல் சூளைகளும் நுண்ணரைவை ஆலைகளும் வந்தபின் தனிச் சுண்ணாம்பு குறைந்தது, துகள் நுண்மையடைந்தது. அதன் பின்னர்க் காற்றாட வைத்தல் நன்மையினும் தீமையே மிகுதியாகத் தருவதாயிற்று.

தீமையின் இயக்கம் பின்வருமாறு அமைகிறது. சிமெண்ட் துகளின் மேற்பரப்பில் காற்றின் நீராவி படிகிறது. தனிச் சுண்ணாம்பு மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை ஏற்கிறது. வலிமைக்கு அடிப்படையான கால்சியம் சிலிகேட்டுகள் காற்றின் ஒப்பீரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடக்கும்போது பாதிக்கப்படத் தொடங்குகின்றன. அலுமினேட்டும் ஜிப்சமும் ஈரத்தில் வினைபுரிந்து துகளின்மேல் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. கரியமில வாயு படிந்த சுண்ணாம்பைக் கார்பனேட்டாக மாற்றுகிறது. இவ்வாறு பகுதியாக நீரேற்றம் அடைந்த துகள், கலவையில் நீர் சேரும்போது முழுமையாக வினைபுரிவதில்லை. இறுகும் நேரம் நீளுகிறது. தொடக்க நாள்களின் வலிமை குறைகிறது. துகள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு பரப்பு ஈரத்திற்கு வெளிப்படுகிறது. சாதாரணப் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஒரு கிலோவுக்குக் குறைந்தது 225 சதுர மீட்டர் பரப்பும், பொசலானா சிமெண்டுக்குக் குறைந்தது 300 சதுர மீட்டர் பரப்பும் இந்தியத் தர நெறிமுறைகளில் வரையறுக்கப்பட்டுள்ளன. இன்றைய வீட்டுப் பணிகளில் மிகுதியாகப் புழங்கும் பொசலானா வகை, காப்பில் கூடுதல் கவனம் கோருவது இதனால் பெறப்படும்.

காத்திருப்பின் விளைவை முறையாக அளந்த முன்னோடி ஆய்வு சிகாகோவின் லூயிசு கல்வி நிறுவன ஆய்வகத்தில் டஃப் ஏப்ராம்சு நிகழ்த்தியது. சிமெண்ட் சேமிப்பின் விளைவு குறித்த அவருடைய அறிக்கை 1920இல் வெளிவந்தது. இந்தியப் பொறியியல் பாடநூல்கள், மூன்று திங்களில் 20 விழுக்காடு, ஆறு திங்களில் 30, ஓராண்டில் 40, ஈராண்டில் 50 விழுக்காடு என வலிமை இழப்பைப் பட்டியலிடுவது வழக்கம். இவ்வெண்கள் எல்லாக் களத்துக்கும் பொருந்தும் மாறிலிகளாகப் பலவிடங்களில் கையாளப்படுகின்றன. வலிமை இழப்பு, நாள்களின் எண்ணிக்கையை மட்டுமன்றி ஈரப்பதம், மூட்டையின் தன்மை, துகளின் நுண்மை ஆகியவற்றையும் சார்ந்தது. கோடையில் உலர்ந்த அறையில் மூன்று திங்கள் இருந்த மூட்டையும், தென்மேற்குப் பருவத்தின் இறுதியிலும் வடகிழக்குப் பருவத்திலும் திறந்த கொட்டகையில் மூன்று திங்கள் இருந்த மூட்டையும் ஒரே அளவு கெட்டிருப்பதில்லை. சேலம் சமவெளியில் செப்டம்பர், அக்டோபர் திங்கள்களில் மழை மிகுதி. ஏப்ரல், மே திங்கள்களிலும் திடீர் இடிமழை பெய்வதுண்டு. ஆகவே பட்டியல் எண்களை எச்சரிக்கையாகக் கொள்ளலாமேயன்றி அளவீடாகக் கொள்ளல் ஆகாது.

ஈரத்தால் வரும் கட்டியினின்றும் அழுத்தத்தால் வரும் கட்டியை வேறுபடுத்துதலும் வேண்டும். பத்து மூட்டை உயர அடுக்கில் அடிமூட்டை ஒன்பது மூட்டைகளின் எடையாகிய 450 கிலோவைத் தாங்குகிறது. அவ்வழுத்தத்தில் துகள்கள் நெருங்கி இறுகினாற்போல் தோன்றும். மூட்டையை உருட்டினால் அது தளர்ந்துவிடும். ஈரத்தால் விளைந்த கட்டியோ விரலால் நசுக்கினாலும் பொடியாவதில்லை. கட்டி தட்டிய சிமெண்டைச் சலித்துப் பயன்படுத்தும் வழக்கம் களங்களில் பரவலாக உண்டு. சல்லடை பெரிய கட்டிகளை நீக்கும். படலம் படிந்த நுண்துகள்கள் அதனூடே இறங்கிவிடும். சலித்த சிமெண்ட் கண்ணுக்குப் புதியதாகத் தோன்றினாலும் அதன் இழந்த வலிமை மீள்வதில்லை.

5. கொள்கலன்: பீப்பாய் முதல் நெகிழிச் சாக்கு வரை

மரப் பீப்பாய் கடற்பயணத்திற்கு ஏற்றதாயினும் எடை மிக்கது, விலை உயர்ந்தது. உள்நாட்டு உற்பத்தி பெருகியபோது சணல் சாக்கு அதன் இடத்தைப் பெற்றது. ஹண்டிரட்வெயிட் எனப்படும் 112 இராத்தல் எடையை ஒட்டிய மூட்டை, பதின்மான முறை வந்தபின் 50 கிலோ ஆயிற்று. இம்மூட்டையின் கொள்ளளவு ஏறத்தாழ 35 லிட்டர். கலவைக்கு மணலும் ஜல்லியும் அளக்கும் பெட்டியின் அளவும் இதனை ஒட்டியே அமைந்தது.

சணல் வலிமையானது; மீண்டும் பயன்படுவது; கைப்பிடிக்கு எளியது. ஆனால் அதன் இழைகளின் இடைவெளியே அதன் குறை. உள்ளிருந்து சிமெண்ட் சிந்தும்; வெளியிலிருந்து ஈரம் புகும். சுமைப்பணியில் இரும்புக் கொக்கி பயன்பட்டபோது சாக்கில் துளைகள் கூடின. சரக்குப் பெட்டிகளைக் குறித்த நேரத்திற்குள் காலி செய்யாவிடில் தாமதக் கட்டணம் விதிக்கப்படும். ஆகவே மழைக்காலத்திலும் மூட்டைகள் மேடையில் இறக்கப்பட்டுத் தார்ப்பாயால் மூடப்படுவது இருப்புப்பாதைச் சரக்கு நிலையங்களின் இயல்பு. மேடையிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து கடை, கடையிலிருந்து களம் என ஒவ்வொரு கைமாற்றமும் சாக்கின் நெசவை மேலும் தளர்த்தியது.

இதற்கு மாற்றாக நெகிழி இழைச் சாக்குகளும் காகித உறைகளும் வந்தபோது சிக்கல் தொழில்நுட்ப எல்லையைக் கடந்தது. சணல் தொழிலாளரையும் உழவரையும் காக்கும் நோக்குடன் 1987இல் இயற்றப்பட்ட சணல் பொதிபொருள் கட்டாயப் பயன்பாட்டுச் சட்டம் தொடக்கத்தில் சிமெண்டையும் உள்ளடக்கியது. இதனை எதிர்த்துத் தமிழகத்தில் ஆலை கொண்ட டால்மியா சிமெண்ட் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. பின்னர் அரசே சிமெண்டை அக்கட்டாயத்திலிருந்து விலக்கியது. ஒரு மூட்டையின் நெசவு, வங்காளத்துச் சணல் உழவரின் வாழ்வையும் சேலத்துக் கொத்தரின் கலவையையும் ஒரே சட்டத்தில் பிணைத்தது என்பது இவ்வழக்கின் வரலாற்றுப் பொருண்மை.

நெகிழிச் சாக்கும் முற்றும் காற்றுப் புகாததன்று. நெய்த இழைகளின் இடைவெளியிலும் தையல் வாயிலும் ஈரம் நுழையும். அது சிந்தாமையால் களத்தில் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. இத்தோற்றம் தரையில் நேரே அடுக்கும் பழக்கத்திற்கு இடங்கொடுக்கிறது. தரையின் ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் அடிமூட்டையை அடைவதால் கொள்கலன் திருந்தியும் காப்பு முழுமையடையவில்லை.

6. கட்டுப்பாட்டுக் காலமும் காத்திருப்பும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிமெண்டின் விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டிற்குள் வந்தன. 1956 முதல் அரசு வாணிகக் கழகம் விநியோகத்தை ஏற்றது. 1966இல் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, 1968இல் மீண்டும் விதிக்கப்பட்டது. 1982 பிப்ரவரி இறுதியில் பகுதி விலக்கு வந்தது. பழைய ஆலைகள் உற்பத்தியில் மூன்றில் இரு பங்கினை அரசு குறித்த விலைக்குத் தர வேண்டியிருந்தது. 1989 மார்ச்சு முதல் நாளில் கட்டுப்பாடு முற்றும் நீங்கியது.

கட்டுப்பாட்டு விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடையே இருந்த பெரும் இடைவெளி, பதுக்கலுக்கும் கையூட்டுக்கும் வழிவகுத்தது. சிமெண்ட் ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து மகாராட்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே 1982 சனவரியில் பதவி விலகியது இக்காலத்தின் அரசியல் அடையாளம். பொருளாதார வரலாறுகள் இக்காலத்தை விலை, உற்பத்தி, ஊழல் என்னும் கோணங்களில் விரிவாக ஆராய்ந்துள்ளன. தரம் என்னும் கோணம் போதிய கவனம் பெறவில்லை.

ஒதுக்கீட்டு முறையில் வீடு கட்டுபவர் சிமெண்டைத் தேவைப்படும் நாளில் பெறுவதில்லை. ஒதுக்கீடு வரும் நாளில் பெறுகிறார். அடித்தளம் தோண்டும் முன்பே கூரைக்கான மூட்டைகள் வந்து சேரலாம். கூரைக்கு மூட்டைகள் தேவைப்படும்போது வராமலும் போகலாம். அடுத்த ஒதுக்கீடு உறுதியற்றதாக இருப்பதால் வந்ததை விட்டுவிடவும் இயலாது. ஆகவே வாழும் வீட்டின் திண்ணையும் மாட்டுக்கொட்டிலின் ஓரமும் கிடங்காயின. பதுக்கிய வணிகரின் மூட்டையும் மறைவிடத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தது. கள்ளச்சந்தையில் வாங்கியவருக்குப் பழமையைக் கேட்கும் உரிமை இல்லை. கெட்டது தெரிந்தபின் முறையிடவும் வழியில்லை. விலை மிகுந்த பொருளாகையால் கட்டி தட்டிய மூட்டையைக் கழிக்க மனம் வருவதில்லை. சலித்துப் பயன்படுத்தும் வழக்கம் வேரூன்றியதை இப்பற்றாக்குறையின் பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ள வேண்டும். அதனை அறியாமை என்று மட்டும் ஒதுக்கிவிடல் பொருந்தாது.

7. நெறிமுறைகளும் அவற்றின் எல்லையும்

சாதாரணப் போர்ட்லண்ட் சிமெண்டுக்கான இந்தியத் தர நெறிமுறை ஐ.எஸ். 269, 1951இல் முதலில் வெளிவந்தது. ஆலையில் மொத்தமாக ஆறு திங்களுக்கு மேலோ, மூட்டையாக விற்பனையாளரிடம் மூன்று திங்களுக்கு மேலோ இருந்த சிமெண்டைப் பயன்படுத்துமுன் மறுசோதனை செய்ய வேண்டும் என்பது தர நெறிமுறைகளில் இடம்பெற்ற விதி. கட்டுமானக் களத்தில் பொருள்களை அடுக்கி வைப்பதற்கெனத் தனியே ஐ.எஸ். 4082 உள்ளது, அது 1977இலும் 1996இலும் திருத்தமுற்று வெளிவந்தது.

அதன் அறிவுரைகள் தெளிவானவை. உலர்ந்த, ஒழுகாத கொட்டகை; குறைந்த சன்னல்கள்; நெருங்கி மூடும் கதவுகள்; தரையிலிருந்து 150 முதல் 200 மி.மீ. உயர்த்திய மரப்பலகைமீது அடுக்குதல். சுவருக்கும் அடுக்குக்கும் இடையே நடமாடும் இடைவெளி. காற்றோட்டம் குறைய மூட்டைகளை நெருக்கி வைத்தல். பத்து மூட்டைக்கு மேற்படாத உயரம். எட்டு மூட்டைக்கு மேல் உயர்ந்தால் நெடுக்கும் குறுக்குமாக மாற்றி அடுக்குதல். மழைக்காலத்தில் நெகிழித் தாளால் முழுதும் போர்த்துதல். வந்த வரிசையிலேயே எடுத்துப் பயன்படுத்த வருகை நாளைக் குறித்தல். இவற்றில் எதுவும் தேவையற்றதன்று. நெல்லைக் காற்றாட வைத்துப் பழகிய வேளாண் சமூகத்தில் சன்னலை மூடிவைக்கச் சொல்லும் அறிவுரை உள்ளுணர்வுக்கு மாறானது; ஆகவே எழுத்தில் வகுப்பது இன்றியமையாததும் ஆகும்.

ஆயினும் இவ்வறிவுரைகள் யாரை நோக்கிப் பேசுகின்றன என்னும் வினா எழுகிறது. கொட்டகை, பலகை, பதிவேடு, காப்பாளர், சோதனைக்கூடம் ஆகிய அனைத்தும் உடைய ஒரு நிறுவனத்தை அவை முன்னிலைப்படுத்துகின்றன. மறுசோதனை விதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அமுக்க வலிமைச் சோதனைக்கு 70.6 மி.மீ. பக்கமுள்ள கனசதுரங்களை வார்த்து 3, 7, 28 நாள்களில் நசுக்கிப் பார்க்க வேண்டும். அணைப் பணிக்கு இது நடைமுறை. 1966இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரி முதலாகச் சேலம் வட்டாரத்தில் கட்டுமானப் பொறியியல் கல்வி வளர்ந்துள்ளது. எனினும் இருபது மூட்டை மீந்திருக்கும் வீட்டுக்காரர் 28 நாள் முடிவுக்குக் காத்திருக்கும்போது அம்மூட்டைகள் மேலும் ஒரு திங்கள் பழையனவாகின்றன. விதியைப் பின்பற்றும் செயலே விதியின் நோக்கத்தைக் குலைக்கும் நிலை இங்கு உருவாகிறது.

சிறு நுகர்வோருக்கு எஞ்சும் ஆவணச் சான்று மூட்டையின்மேல் அச்சிடப்படும் உற்பத்தி வாரமும் ஆண்டும். 2003ஆம் ஆண்டுச் சிமெண்ட் தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி தரச்சான்றுக் குறியீடு கட்டாயம். அக்குறியீடு ஆலையை விட்டுப் புறப்பட்ட நாளின் தரத்துக்குச் சான்று. இறுதிக் கிடங்கில் அதன் நிலைக்கு அது சான்றாகாது. வாரத்தை எண்ணாகக் குறிக்கும் முறையும் தமிழில் நாளும் திங்களும் படித்துப் பழகியவருக்கு உடனே பொருள் தருவதன்று.

8. கட்டுப்பாடு நீங்கியபின்: கடை, களம், தனிமனிதர்

1989க்குப் பின் பற்றாக்குறை தணிந்தது. இருப்புப்பாதைக்கு இணையாகச் சாலைப் போக்குவரத்து வளர்ந்தது. சங்ககிரியும் நாமக்கல்லும் சரக்குந்துத் தொழிலின் மையங்களாக ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தன. ஆலையிலிருந்து கடைக்குச் சரக்குந்து நேரே வரத் தொடங்கியதால் இடைக் கிடங்குகளும் கைமாற்றங்களும் குறைந்தன. தேவைக்கேற்பச் சில மூட்டைகளாக வாங்கும் வாய்ப்பு, தரத்தைக் காக்கும் மிகப்பெரிய மாற்றமாயிற்று. 1990களில் இந்தியப் பெருநகரங்களில் தொடங்கிய ஆயத்தக் கலவை ஆலைகள், மூட்டையையே தவிர்த்து உருளைக் கொள்கலன்களில் சிமெண்டைச் சேமித்தன. பெரும்பணிகளின் சேமிப்புச் சிக்கல் இவ்வாறு பெருமளவு தீர்ந்தது.

சிறு வீட்டுப் பணியில் சிக்கல் வேறு வடிவில் தொடர்கிறது. வருமானத்திற்கேற்ப விட்டுவிட்டுக் கட்டப்படும் வீடுகளில் பணம் தீர்ந்தால் பணி நிற்கும், மூட்டை எஞ்சும். விலை ஏறும் என்னும் அச்சத்தில் முன்கூட்டி வாங்குவதும் உண்டு. மானிய விலைத் திட்டங்களும் இவ்வகையில் நோக்குதற்குரியன. 2015 சனவரியில் தொடங்கிய அம்மா சிமெண்ட் திட்டத்தில் மூட்டை 190 ரூபாய்க்கு வழங்கப்பட்டது. 100 சதுர அடிக்கு 50 மூட்டை என்னும் அளவில், 1500 சதுர அடி வீட்டிற்கு 750 மூட்டை வரை பெற வழி இருந்தது. நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்குகள் வழியே விநியோகம் நடந்தது. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் 2021 நவம்பரில் வலிமை என்னும் பெயரில் குறைந்த விலைச் சிமெண்டை அறிமுகப்படுத்தியது. எளியோர்க்கு விலைச் சுமையைக் குறைத்தது இத்திட்டங்களின் பயன்.

சேமிப்பு நோக்கில் ஒரு கணக்கு இங்குத் தேவை. 750 மூட்டைகளையும் ஒருசேரப் பெற்றுப் பத்து மூட்டை உயரத்தில் அடுக்கினால் தரையில் 75 மூட்டைகள் அமையும். ஒரு மூட்டைக்கு மூன்று சதுர அடி எனக் கொண்டால் அடுக்குக்கு மட்டும் 225 சதுர அடி வேண்டும். சுவரோர இடைவெளியும் நடைவழியும் இதற்கு மேல். 1500 சதுர அடி வீடு கட்டுபவர் அதன் பெரிய அறைகளுள் ஒன்றுக்கு ஒப்பான உலர்ந்த கொட்டகையை முதலில் கட்டியாக வேண்டும் என்பது இதன் பொருள். தவணையாகப் பெறுதலே இதற்குரிய வழி. விலைச் சலுகை அளிக்கும் திட்டம் தவணை முறையையும் தன் அமைப்பிலேயே உறுதிசெய்தால்தான் சலுகையின் பயன் கட்டடத்தின் வலிமையாக நிலைக்கும்.

கெட்ட சிமெண்டின் விளைவு உடனே தோன்றுவதில்லை என்பதும் கருதத்தக்கது. பூச்சு உதிர்தலும் தளம் தேய்ந்து தூசாதலும் கூரையில் நீர்க்கசிவும் ஆண்டுகள் சென்றபின் வெளிப்படும். அப்போது பழி மணலின்மீதோ கொத்தர்மீதோ நீராற்றாமையின்மீதோ விழுகிறது. மூட்டை காத்திருந்த காலத்தை எவரும் நினைவுகூர்வதில்லை. பதிவேடு இல்லாத களத்தில் அக்காலம் சான்றின்றி மறைந்துவிடுகிறது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

சுண்ணாம்பு மரபில் சேமிப்பு உற்பத்தியின் கட்டமாக இருந்தது. அதனை ஆளும் அறிவு கொத்தரிடம் இருந்தது. சிமெண்டில் சேமிப்பு இழப்பைத் தவிர்க்கும் செயலாகச் சுருங்கியது. அதற்கான அறிவு நெறிமுறை ஏடுகளுக்கு இடம்பெயர்ந்தது.

புதிய சிமெண்டே சிறந்தது என்னும் விதி சூளை, அரைவை ஆகியவற்றின் வளர்ச்சியால் உருவான வரலாற்று விளைவு. நுண்மை கூடக்கூடக் காப்பின் தேவையும் கூடியுள்ளது.

கட்டுப்பாட்டுக் காலத்தில் காத்திருப்பின் நீளத்தைத் தீர்மானித்தது தொலைவன்று, ஒதுக்கீட்டு முறையே. சங்ககிரியில் ஆலை வந்த பின்னரும் சூரமங்கலத்துக் களத்தில் மூட்டை பழையதாகும் வாய்ப்பு நீடித்தமைக்கு இதுவே விளக்கம்.

மேட்டூர் போன்ற பெரும்பணியில் நிறுவனத்திடம் இருந்த சேமிப்புப் பொறுப்பு, இன்று கொட்டகையோ பதிவேடோ சோதனைக்கூடமோ இல்லாத வீட்டுக்காரரை வந்தடைந்துள்ளது. நெறிமுறைகளோ இன்னமும் நிறுவனத்தையே விளித்துப் பேசுகின்றன. உற்பத்தி நாளைத் தமிழில் திங்களும் ஆண்டுமாக மூட்டையில் பொறித்தல், தவணை வழங்கல், மீந்த மூட்டையைக் கடைக்காரர் குறித்த நாளுக்குள் திரும்பப் பெறும் ஏற்பாடு ஆகியவை இவ்விடைவெளியைக் குறைக்கும். சிமெண்ட் வரலாற்றை ஆலைகளின் வரலாறாக மட்டும் எழுதாமல், அடிமூட்டை கிடந்த தரையிலிருந்தும் எழுதுவது தமிழகக் கட்டுமான வரலாற்றாய்வின் அடுத்த பணியாக அமைதல் வேண்டும்.